சூட்டு முள் ஏறினால் வண்டியை நிறுத்து

அருள்,

நேற்று நீ போனில் கேட்டவுடன், எடுத்துக்கொண்டு போடா என்று சொல்லிவிட்டேன். நித்யாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, ஓசூரில் ஒவ்வொரு செக்கப்புக்கும் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போய் வருகிறாள், நம் பழைய டீசல் கார் செலியமேட்டில் சும்மாதானே நிற்கிறது என்றாய். நியாயம்தான். சமையல் வேலைக்கு லோடு வண்டி வாங்கிய பிறகு, எப்போதாவது பாகூர் கடைத்தெருவுக்குப் போய் வருவதைத் தவிர அந்தக் காருக்கு வேலை இல்லை. ஆனால் போனை வைக்கும் முன் நீ இன்னொன்றும் கேட்டாய். "வழியில ஹீட் ஆயிடாதேம்மா?" "ஆவாதுடா" என்று சொல்லிவிட்டு நான் மாவு கரைக்கப் போய்விட்டேன். கரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஒரு வார்த்தை உனக்குப் போதாது என்று தோன்றியது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி தாண்டி ஏற்றத்தில் போகப்போகிறவன் நீ. ஏன் ஆகாது என்று உனக்குத் தெரியவேண்டும். ஒருவேளை ஆனால் என்ன செய்வது என்பதும் தெரியவேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ காரைக்காலில் ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு கோடையில் அப்பாவின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. சமையல் வேலை செய்கிற வீடு, அடுப்பங்கரையில் கொட்டியிருக்கும் என்று நீயாகவே நினைத்துக்கொண்டாய். உனக்குப் பரீட்சை நேரம் என்று நாங்களும் விவரம் சொல்லவில்லை. கொட்டியது அடுப்பங்கரையில் இல்லை. ஏம்பலம் தாண்டி ரோட்டோரத்தில், அந்தக் காரின் ரேடியேட்டரிலிருந்து.

அப்போது நமக்கு அந்தக் கார்தான் லோடு வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அண்டாக்களையும் குண்டான்களையும் அடுக்குவோம். நான் சமைப்பேன், மேரியக்கா கூடமாட நிற்பாள், அப்பா ஓட்டுவார். மேரியக்காவை உனக்குச் சொல்லவேண்டியதில்லை, அடுத்த தெரு, நம் வீட்டுச் சமையலில் பாதி அவள் கை. ஆனால் இந்தக் கடிதத்தை நித்யாவும் படிக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன். அந்தக் கோடையில்தான் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. வழக்கமாகப் பாதிக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருக்கும் முள், பாரம் ஏற்றிக்கொண்டு கொஞ்சதூரம் போனதும் பாதியைத் தாண்டி மேலே போகும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இறங்கிவிடும். நான் கையைக் காட்டுவேன். அப்பா டேஷ்போர்டைத் தட்டுவார்.

"மீட்டரு பொய் சொல்லுதுடி. பழைய வண்டின்னா அப்படித்தான்."

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பழைய வண்டியில் மீட்டர் பொய் சொல்வதும் உண்டு. சென்சார் கெட்டுப்போனால், ஒயர் விட்டுப்போனால், சூடே இல்லாமல் முள் ஏறும். ஆனால் மீட்டர் பொய் சொல்கிறது என்பதற்கு வேறு ஏதாவது சாட்சி இருக்கவேண்டும். எங்களுக்கு இருந்த சாட்சி வேறு மாதிரி இருந்தது. பானெட்டுக்குள் ஓரமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது பார், ரேடியேட்டரில் விரிந்து வழிகிற தண்ணீர் அதில்தான் போய்த் தங்கும், ஆறினதும் திரும்ப உள்ளே போகும். அதில் கோடு போட்டிருக்கும். காலையில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே இருக்கும். அப்பா போர் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றுவார். இரண்டு நாள் போனால் மறுபடியும் கீழே. வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை. தண்ணீர் எங்கேதான் போகிறது என்று கேட்டால், "வெயில் காலம், ஆவியாவுது" என்பார். மூடிபோட்ட பாத்திரத்திலிருந்து எப்படி ஆவியாகும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஓட்டுகிறவர் அவர். நான் அடுப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். புது மூடி போட்டோம். அதில் தப்பே இல்லை, எல்லாவற்றிலும் எளிதானதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சரியாகவில்லை. பிறகு மூலக்குளத்தில் நம் மெக்கானிக் சேகரிடம் கொண்டுபோனார் அப்பா. சேகர் நல்லவர், வேலையில் நேர்மையானவர். ஆனால் அன்றைக்கு ஷெட்டில் வரிசையாக வண்டிகள். அப்பாவும் அவசரப்படுத்தியிருக்கிறார். சேகர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அது ஒரு சின்ன வால்வு. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டு, சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு அனுப்பும். அது திறக்காமல் மாட்டிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். அதனால் சந்தேகம் வந்தால் நிறையப் பேர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். கழற்றியதும் முள் கீழே போனது. அப்பா வீட்டுக்கு வந்து, "பாத்தியா, அவ்ளோதான் மேட்டரு" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நோய் அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த ஒன்றைத்தான் கொஞ்ச நாள் வாயடைத்திருக்கிறோம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வில்லியனூரில் ஒரு வீட்டில் வளைகாப்பு. ஏழு வகை சாதம் சொல்லியிருந்தார்கள். விடிவதற்குள் எழுந்து புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று எல்லாம் முடித்து, சர்க்கரைப் பொங்கலை இறக்கி, துணி கட்டி ஏற்றினோம். மேரியக்கா பின்னால் அண்டாக்களுக்கு நடுவில், நான் முன்னால். கூடவே குடிக்கிற தண்ணீர் கேன்களும். அவ்வளவு பாரம் அந்தக் கார் அதற்கு முன் ஏற்றியதில்லை. வெயிலும் ஏறிவிட்டது. கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் முள் மேலே போக ஆரம்பித்தது. நான் சொன்னேன். அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் போனது. "ஏங்க, நிறுத்துங்க" என்றேன். "அங்க வளையல் அடுக்க ஒக்காந்துகினு இருப்பாங்கடி. நிறுத்தினா எப்ப போய்ச் சேர்றது?" என்றார். ஏம்பலம் தாண்டினோம். அப்போது அந்த முள், யாரோ பிடித்து இழுத்த மாதிரி, சட்டென்று கீழே விழுந்துவிட்டது.

"பாத்தியா? தானா எறங்கிடுச்சு" என்று அப்பா சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானும் மூச்சு விட்டேன்.

அருள், இந்த இடத்தை நீ இரண்டு முறை படி. கொதிக்கிற இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு தணியாது. முள் மெதுவாக இறங்கினால் அது ஆறுகிறது. சட்டென்று விழுந்தால், சென்சார் இருக்கிற இடத்தில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தண்ணீரில் முங்கியிருக்கும் வரைதான் அது சரியாகச் சூடு காட்டும். தண்ணீர் போய்விட்டால் வெறும் காற்றையும் ஆவியையும் அளந்துகொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும். அன்றைக்கு எங்களுக்கு இது தெரியாது. கொஞ்சதூரத்தில் பானெட் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. வண்டி இழுக்கவில்லை. அப்பா ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

இறங்கினவர் நேராகப் போய் பானெட்டைத் தூக்கினார். பின்னால் கிடந்த கைப்பிடித் துணியை எடுத்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தார். நான் வாழ்க்கை முழுக்கக் குக்கரோடு இருப்பவள். ஆவி அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.

"ஏங்க, வேணாம். ஆறட்டும். தொடாதீங்க."

"தண்ணி ஊத்தினா கெளம்பிடலாம்டி."

"தொடாதீங்கன்னு சொல்றேன் இல்ல!"

நான் அவர் கையைப் பிடிக்கப்போவதற்குள் மூடி திரும்பிவிட்டது. தண்ணீரும் ஆவியும் சேர்ந்து பனைமரம் மாதிரி எழும்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதனால் கண் பிழைத்தது. வலதுகை முழங்கை வரைக்கும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. அப்பா கத்தவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் குடிதண்ணீர் கேனைத் தூக்கி அவர் கையில் கவிழ்த்தேன். ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று. "மாவு, பேஸ்ட்டு எதையும் தடவாத, தண்ணிய மட்டும் ஊத்திக்கினே இரு" என்று மேரியக்கா சொல்லிக்கொண்டே மூன்றாவது கேனைத் திறந்தாள்.

எதிரே கரும்பு இறக்கிவிட்டு ஒரு டிராக்டர் காலியாக வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் எங்களைப் பார்த்துத் தானாகவே நிறுத்தினார். ஏம்பலத்துக்காரர், அப்பா வயசு இருக்கும். டிரெய்லரில் கிடந்த கரும்புத் தோகையைக் காலால் தள்ளிவிட்டு, "எங்க போவணும், சொல்லும்மா" என்றார். எனக்கு அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் இழுத்தது. வளைகாப்பு வீட்டில் ஊர் கூடியிருக்கும். அதில் ஒருத்தர் வாயிலிருந்து, நல்ல காரியத்துக்குச் சோறு வரலை, சகுனம் சரியில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், வளையல் போட்டுக்கொள்கிற பெண் பிரசவம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பக்கம் அப்பா மரத்தில் சாய்ந்துகொண்டு நடுங்குகிறார். மேரியக்காதான் முடிவெடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லரில் ஏறிவிட்டாள்.

"நீ அவரக் கூட்டிகினு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் சோத்த எடுத்துகினு போறேன். இன்னா கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

எல்லோருமாக அண்டாக்களை டிரெய்லருக்கு மாற்றினோம், அவர் டிராக்டரை வில்லியனூர்ப் பக்கம் திருப்பினார். நான் ஆட்டோ பிடித்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, ஊசி போட்டு, வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்போதுதான் மேரியக்கா போன் செய்தாள். கரும்பு டிரெய்லரில் சாதம் வந்து இறங்கியதைப் பார்த்து வாசலில் நின்ற ஒரு பெரியவர் ஏதோ ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பெண்ணின் அம்மா அவரைப் பேசவிடவில்லையாம். "கரும்பு வண்டியில வந்திருக்கு, இதவிட நல்ல சகுனம் இன்னா வேணும் உங்களுக்கு? எல, எல போடுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாராம். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வண்டிய வித்துடலாம்டி" என்றார்.

மறுநாள் சேகர் வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் விட்டார். "இவ்ளோ கொதிச்சிருக்குன்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்க்கா. இன்ஜினப் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார். இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் தகடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் அது. அது போனால் எரிகிற காற்று தண்ணீருக்குள் வரும், தண்ணீர் எண்ணெயில் கலக்கும். அந்தப் பழைய காருக்கு அவ்வளவு பெரிய வேலை செய்வதைவிடப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அப்பா அன்றைக்கே ஒரு வியாபாரிக்குச் சொல்லிவிட்டார். அவரும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார். கார் போனால் சமையல் ஆர்டரும் போகும். அது எனக்குக் கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை, அப்பா அந்தக் காரைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. வாசலில் உட்காருவதில்லை. யாராவது வந்து கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் உள்ளே எழுந்து போய்விடுவார். இந்தக் கார் இப்படியே போய்விட்டால், இவர் இந்த விஷயத்தை மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

சேகருக்குப் போன் செய்தேன். "தம்பி, போயிருக்கும்னு சொல்றீங்க. போயிருக்குன்னு எப்படித் தெரியும்? பிரிக்காம பாக்க வழி இல்லியா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இருக்குக்கா. ஆற அமரப் பாக்கணும். ஷெட்டுல வுட்டா எனக்கு நேரம் இல்ல. காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு வரேன்" என்றார். மறுநாள் காலை வந்தார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு, அப்பாவை இடதுகையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தேன். "எனக்கு எதுவும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

நாங்கள் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன், நீயும் அப்படியே பார். வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது, விடிந்த கையோடு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மட்டம் பார்க்கவேண்டும். நிரப்பினோம். பிறகு எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருக்கும் என்றார் சேகர். கறுப்பாகத்தான் இருந்தது, டீசல் வண்டிக்கு அதுதான் சரி. அடுத்து மூடியைத் திறந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்தார். "உள்ள பாத்துகினே இருங்கக்கா. குமிழி வருதா?" கேஸ்கெட் போயிருந்தால் ஸ்டார்ட் செய்தவுடனேயே, தண்ணீர் சூடாவதற்கு முன்பே, சோடா மாதிரி குமிழ் வந்துகொண்டே இருக்குமாம். முதலில் இரண்டு வந்தது. நான் இன்னும் கிட்டக் குனிந்தேன். "அது உள்ள நின்ன காத்து. நிக்குதா பாரு" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அப்பாதான். நின்றுவிட்டது. அந்தத் தண்ணீர் அதன் பிறகு அமைதியாக இருந்தது. அடுத்தது மேல் ஹோஸ், இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் வருகிற தடித்த ரப்பர் குழாய். மூடியை மூடி, ஸ்டார்ட் செய்த கையோடு, இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி இறுகினால் கெட்ட செய்தி. அமுங்கியது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தேன். விடாமல் வெள்ளையாக வரவில்லை. "அக்கா, கேஸ்கெட் பொழச்சிருக்கு" என்றார் சேகர். மறைக்காமல் சொன்னார், சந்தோஷமாகவும் சொன்னார். அப்பா கட்டில்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்படியானால் எது? ஃபேன் சுற்றுகிறதா என்று வண்டியை நிறுத்திவைத்தே ஓடவிட்டுப் பார்த்தோம். சூடு ஏறியதும் சுற்றியது. நின்றிருக்கும்போது சூடேறி ஓடும்போது ஆறினால் ஃபேன் பக்கம் பார்க்கவேண்டும். நம் கார் நேர்மாறு, ஊருக்குள் ஆறும், பாரத்தோடு ஓடினால் ஏறும். அப்படியானால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. சேகர் பின்னால் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாகூர் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டியதும் சொன்னேன். உடனே நிறுத்திவிட்டார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வண்டியை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றினார். இன்ஜின் நின்ற பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுற்றும், விரலை வாங்கிவிடும், மறந்துவிடாதே. பிறகு ரேடியேட்டரின் முகத்தில் புறங்கையை நெருக்கமாகக் காட்டிக்கொண்டே வந்தார். என்னையும் காட்டச் சொன்னார். மேலே அனல். ஓரங்களில் அனல். நடுவில் ஒரு தட்டு அளவுக்குச் சூடே இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் ஓடவே இல்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கிற கடைக்குக் கொண்டுபோனோம். அப்பாவும் வருகிறேன் என்று கட்டோடு வந்தார். மேல்தொட்டியைப் பிரித்து எங்களுக்குக் காட்டினார்கள். உள்ளே குழாய் வாயெல்லாம் வெள்ளையாக, கெட்டியாக, சுண்ணாம்பு மாதிரி அடைத்திருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெந்நீர் போடுகிற அண்டாவின் அடியிலிருந்து நானும் மேரியக்காவும் தேங்காய் நாரால் தேய்த்தும் போகாமல் தட்டி எடுக்கிற அதே உப்பு. நம் ஊர் போர் தண்ணீர். வருஷக்கணக்காகக் காருக்கும் அதையே குடிக்கக் கொடுத்திருக்கிறோம். ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலண்ட் என்பது குளிர் ஊர்க்காரர்களுக்கு என்று நினைத்திருந்தோம். அது கொதிநிலையை ஏற்றும், உள்ளே துரு பிடிக்காமல் காக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாய் அடைத்ததால் தண்ணீர் ஆறவில்லை, ஆறாததால் கொதித்து, அந்த வெள்ளை டப்பா வழியாக ஓடும்போதே ரோட்டில் வழிந்து போயிருக்கிறது. அதனால்தான் வீட்டு வாசலில் ஈரம் தெரியவில்லை. அப்பா அந்த உப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நான்தான்டி ஊத்தினேன்" என்றார். "மொண்டு குடுத்தது நான்தான்" என்றேன். அந்தக் கடையில் நின்றுகொண்டு இரண்டுபேரும் சிரித்தோம். அந்தக் கோடையில் அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

குழாய்களைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்து, திரும்ப மூடிப் பொருத்தி, புது தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் போட்டு, டிஸ்டில்டு வாட்டரோடு கூலண்ட் கலந்து ஊற்றினார் சேகர். மறுபடியும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். முள் பாதிக்குக் கீழே வந்து நின்றது. ஏறவில்லை. வில்லியனூர் வரைக்கும் போய்த் திரும்பினோம், ஏறவில்லை. பழைய இரும்பு வியாபாரி வந்தபோது அப்பாவே வாசலில் போய் நின்று, "இல்லப்பா, வண்டி வூட்டுலயே இருக்கட்டும். வந்தது வந்த, டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

கையை மடக்கவே அவருக்கு வெகுநாள் ஆனது. ஆர்டர் காத்திருக்குமா? அதனால்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது அப்பா. ஸ்டியரிங்கை விட்டுக் கொடுத்தது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் கியரை அரைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார், திட்டமாட்டார். ஒரு தடவை பாகூர் வளைவில் நான், "முள்ளு லேசா ஏறுதுங்க" என்றேன். நான் பயந்ததுதான், ஏறவே இல்லை. அப்பா குனிந்து பார்க்கக்கூட இல்லை. "நிறுத்துடி, பாத்துட்டுப் போவலாம்" என்றார். இரண்டுபேரும் இறங்கி, வண்டி ஆறும் வரை ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சைக் கேட்டு வண்டியை நிறுத்தச் சொன்னது அன்றைக்குத்தான். கை ஆறின பிறகு அவரும் ஓட்டினார். ஆனால் இரண்டுபேரும் சேர்ந்து போனால், சாவியை என்னிடம் நீட்டிவிட்டு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வார். அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இனி உன் விஷயம். லோடு வண்டி வந்த பிறகு பின் சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டோம். கூலண்ட் போன மாதம்தான் மாற்றினேன். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் புதியவை. தண்ணீர் பம்பு பக்கம் ஒழுகல் இல்லை, பெல்ட்டும் நன்றாக இருக்கிறது. ஓசூர் தண்ணீரை ஊற்றிவிடாதே, எந்த ஊர்த் தண்ணீரையும் ஊற்றாதே. கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிப் பக்கம் ஏற்றம் வரும்போது முள்மேல் ஒரு கண் வை. கொஞ்சம் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஜன்னலை இறக்கிவிடு. வேர்க்கும், ஆனால் இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் வெளியே இழுக்கும். அப்படியும் ஏறினால் நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தி, அணைத்துவிடு. மூடியை ஆறும் வரை தொடாதே. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நிற்க முடிகிறதா, அதுதான் நேரம். டாக்டர் காத்திருப்பார், அப்பாயின்ட்மென்ட் போய்விடும் என்று எதையும் நினைக்காதே. நாளைக்கு இன்னொரு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும். நித்யா "என்னமோ வாசனை வருதுங்க" என்றால், உனக்கு வராவிட்டாலும் நிறுத்து. அவள் சும்மா சொல்லியிருந்தாலும் நிறுத்து. வண்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது காதில் விழவேண்டும், எனக்கு இந்தக் காரிலிருந்து கிடைத்த பாடம் அவ்வளவுதான். நித்யாவுக்கும் ஓட்டக் கற்றுக்கொடு, பிள்ளை பிறந்த பிறகாவது. கியரை அரைத்தால் பல்லைக் கடித்துக்கொள், திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இரண்டுபேரும் இங்கிருந்து காரில் கிளம்பும் முன், வண்டி குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் உன் கையால் தொட்டுப் பார்க்க வைக்கிறேன். வெயிலுக்கு முன் எழுந்துவிடு. நித்யாவுக்குப் புளிசாதம் கட்டி வைக்கிறேன், வாய்க்கு நன்றாக இருக்கும். இன்னொரு விஷயம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, விழுப்புரம் வரைக்கும் தானும் உங்களோடு காரில் வருவதாகச் சொன்னார். அங்கே இறங்கி பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். அங்கே உங்களுக்கு இன்னா வேலை என்று கேட்டேன். "ஒரு வேலையும் இல்ல. பின் சீட்டுல சும்மா ஒக்காந்துகினு வரேன்" என்றார். நித்யாவை முன்னால் உட்காரவை. அவர் ஒன்றும் பேசமாட்டார். வரட்டும், கூட்டிக்கொண்டு போ.

அம்மா